ரசமட்டம் வைத்து ஆயில் மாற்றுகிறவர்

குன்னூரில் பக்கத்து வீடு என்று ஒன்று கிடையாது. மேல் வீடு, கீழ் வீடு இரண்டுதான். ஓட்டுப்பட்டறைப் பக்கத்துச் சரிவில் படிப்படியாக இறங்கும் வீடுகளில், மேலே குடியிருப்பவனுக்குக் கீழ்வீட்டின் தகரக் கூரையும் துணிக்கொடியும் வாசலும் கேட்காமலே பார்வைக்கு வந்துவிடும். பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பினால் அந்தப் பக்கம் இன்னொரு வீட்டு வாசல். அதனால் நான் திருப்புவதில்லை.

எனக்கு நேர் கீழே ஒரு கார் ஷெட். உள்ளே வெள்ளை மாருதி 800, டி.என். 43 என்று தொடங்கும் பழைய நம்பர். 1983 டிசம்பரில் ரோட்டுக்கு வந்த இந்த மாடலின் தயாரிப்பை 2014 ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். சமவெளியில் பெரும்பாலானவை காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. மலையில் இன்னும் ஓடுகின்றன. குறுகல் சந்து, ஒடித்துத் திருப்ப வேண்டிய வளைவு, எதிரே பஸ் வந்தால் ஒதுங்கக் கையகல இடம். இங்கே சின்ன வண்டிதான் பிழைக்கும்.

வண்டிக்காரர் எஸ்டேட் தேயிலை பேக்டரியில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபதைத் தாண்டியிருப்பார். ஸ்வெட்டர், அதன்மேல் பழைய காக்கிச் சட்டை, தலையில் மங்கி குல்லா. சிக்கனத்துக்காக அவர் வீட்டிலேயே ஆயில் மாற்றுகிறார் என்று தெருவில் பேச்சு. ஒர்க்ஷாப் கூலியில் மிச்சமாவது பெரிய தொகை ஒன்றுமில்லை. சின்னப் பையன் ஒருவன் நீள ஸ்பேனரைப் போட்டு ஏறி மிதித்து டிரெய்ன் பிளக்கை இறுக்குவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, அதுதான் விஷயம். ஒரு தடவை திரெட் போனால் அப்புறம் சம்ப் முழுக்கத் தலைவலி.

செப்டம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. குன்னூருக்குப் பெரிய மழை ஜூனில் கிடையாது. தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர் பக்கம் கொட்டித் தீர்த்துவிடும். இந்தச் சரிவுக்கு அக்டோபரும் நவம்பரும்தான். அதற்குமுன் அவர் ஆயிலை மாற்றிவிடுவார். மீட்டர் என்ன காட்டுகிறது என்பதெல்லாம் அப்புறம். அதில் நியாயம் இருக்கிறது. ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஆறில் ஒரு பங்கு குறைவு. கார்புரேட்டர் வண்டிக்கு இழுப்பும் அந்த அளவுக்குக் குறையும். ஏற்றத்தில் முதல் கியர், இரண்டாவது கியர். இறக்கத்திலும் அதே கியர்தான். பிரேக்கைச் சூடாக்காமல் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மீட்டரில் ஏறுவது கொஞ்சத் தூரம், இன்ஜின் சுற்றுவது பல மடங்கு. ஆயில் உழைப்பது அந்தச் சுற்றுக்குத்தான்.

பேத்தி பானெட்டைத் தூக்கினாள். கல்லூரியில் படிக்கிற பெண். லீவு நாளில் கருவிப் பெட்டி அவள் பொறுப்பு. ஆயில் மூடியைத் திருகி எடுத்து உள்பக்கத்தைப் பார்த்ததும் முகம் மாறியது. மூடிக்கு அடியில் மோர்க்குழம்பு நிறத்தில் வழவழவென்று ஒரு பசை.

"தாத்தா, ஹெட் கேஸ்கட் போயிருச்சுங்களா?"

"ரேடியேட்டர்ல தண்ணி கொறஞ்சிருக்கா பாரு கண்ணு."

பார்த்தாள். "கொறயலைங்க தாத்தா."

"அப்பப் பனிதான்."

அத்தோடு விளக்கம் முடிந்தது. மீதியை நான் சொல்கிறேன். இந்த வண்டி போவது மார்க்கெட்டுக்கு, ஆஸ்பத்திரிக்கு, கோயிலுக்கு. இன்ஜின் முழுச் சூடு ஏறுவதற்குள் போக வேண்டிய இடம் வந்துவிடும். குளிரில் உள்ளுக்குள் கோத்த நீர் ஆவியாகிப் போக வழியில்லாமல் ஆயிலோடு கலந்து மூடியில் வந்து படிகிறது. கேஸ்கட் போனாலும் இதே நிறம்தான் காட்டும். ஆனால் அப்போது ரேடியேட்டர் தண்ணீர் குறையும். மூடுபனி ஊரில் வண்டி வைத்திருக்கிறவர்கள் இந்தப் பசையைக் கண்டு பயந்துபோய் இன்ஜினைப் பிரிக்கக் கொடுத்துவிட்டுப் பிறகு வருத்தப்படுவது உண்டு.

இன்ஜினை ஓடவிட்டு அணைத்தார். சூடானால் ஆயில் இளகும், இளகினால் கசடும் கூடவே இறங்கும். அப்புறம் கல். பின்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் நான்கு கருங்கல். இந்த மலையில் லாரி கிளீனராகச் சேருகிறவன் முதலில் கற்றுக்கொள்ளும் வேலை, வண்டி நின்றதும் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை போடுவது. ஷெட்டுக்குள் நிற்கிற வண்டிக்கும் அந்த விதியில் விலக்கு இல்லை. ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கி, இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு கொடுத்து, வண்டியை ஓர் உலுக்கு உலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் அடியில் போனார். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுப்பவர்களை எனக்குத் தெரியும். இவர் அந்த ரகம் இல்லை.

கீழே பழைய சாக்கு, சாக்கின் மேல் மரத்தூள், மரத்தூளின் மேல் அகலமான இரும்புச் சட்டி.

"ஸ்பேனர் குடு கண்ணு. அது இல்ல, ரிங்கு."

"இந்தாங்க தாத்தா."

பிளக் இளகியதும் ஸ்பேனரை வெளியே கொடுத்துவிட்டார். மீதித் திருகு விரலால். கடைசிச் சுற்று வரும்வரை பிளக்கை மேல்நோக்கி அழுத்திக்கொண்டே வந்து, சட்டென்று கையை விலக்கினார். கறுப்பாக ஒரு தாரை சட்டியின் நடுவில் விழுந்தது. முழங்கையில் வழியவில்லை, தரையில் தெறிக்கவில்லை. தாரை நூலாகி, நூல் சொட்டாகும்வரை சட்டியைவிட்டு அவர் கண் எடுக்கவில்லை. பிறகு சட்டியிலிருந்து ஒரு சொட்டைத் தொட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்து, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். உலோகப் பொடி மின்னினால் உள்ளே எதுவோ தேய்கிறது என்று அர்த்தம். மின்னவில்லை போலிருக்கிறது; விரலைத் துடைத்துக்கொண்டார்.

இத்தனை சுத்தம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதற்குத் தேயிலைதான் காரணமாக இருக்க வேண்டும். தேயிலை பக்கத்தில் இருக்கிற எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் பண்டம். பேக்டரியில் சி.டி.சி. ரோலருக்கு ஆயில் வேண்டும், கிரீஸ் வேண்டும். ஆனால் ஒரு சொட்டு இலையில் பட்டுவிடக் கூடாது. பட்டால் குன்னூர் ஏலத்துக்குப் போகும் அந்தச் சரக்கு அதோகதி. தேநீர் ருசி பார்க்கிறவர் நல்ல தேநீரையும் துப்பத்தான் செய்வார். இதைத் துப்பிவிட்டு முகத்தைச் சுளிப்பார். ஆயில் இருக்க வேண்டிய இடம் இயந்திரத்தின் வயிறு, வேறெங்கும் இல்லை என்று முப்பது நாற்பது வருஷம் கையைப் பழக்கியவருக்குச் சொந்த ஷெட்டில் மட்டும் அந்தக் கை மாறுமா?

பில்டரைக் கழற்றினார். புதியதன் ரப்பர் வளையத்தில் பேத்தி புது ஆயிலை விரலால் தடவிக் கொடுத்தாள். வளையம் உட்கார்ந்ததும் முக்கால் சுற்று, கையாலேயே. பிளக்குக்குப் புது வாஷர். "போதும், இதுக்கு மேல இறுக்கினா அடுத்த தடவை நாந்தான் அழுவேன்" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

வண்டி ஸ்டாண்டிலிருந்து இறங்கியது. இனிமேல்தான் நான் இத்தனை நேரம் காத்திருந்த காட்சி.

பெட்டிக்குள்ளிருந்து ரசமட்டம் எடுத்தார். கொத்தனார் கையில் பார்க்கிற அதே ரசமட்டம். டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து, கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் தகட்டின் மேல் வைத்துக் குனிந்து பார்த்தார். குமிழி முன்பக்கம் ஒதுங்கியிருந்தது. மழைநீர் வெளியே ஓட வேண்டுமென்று ஷெட்டின் தரையையே சரிவாகப் போட்டிருக்கிறார்கள். இந்த ஊரில் எல்லா ஷெட்டும் அப்படித்தான். பின்சக்கரங்களுக்கு அடியில் பலகை வைத்து வண்டியை ஏற்றினார். மறுபடி குமிழி. இன்னொரு மெல்லிய பலகை. மறுபடி குமிழி. இந்த முறை நடுவில் நின்றது.

போனில் வரும் செய்முறை வீடியோக்களில் இந்தக் கட்டம் இருக்காது. அவற்றில் வண்டி நிற்கும் சிமெண்டுத் தரையில் கோலிக்குண்டு வைத்தால் உருளாது. மலைக்காரனுக்குச் சமதரை என்பதே தேடிப் பிடிக்க வேண்டிய சரக்கு. சரிவில் நிற்கும் வண்டியில் டிப்ஸ்டிக் பொய் சொல்லும். குறைவாகக் காட்டினால் மேலும் ஊற்றிவிடுவோம். அளவு மீறினால் கிராங்க் ஷாப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நிறைவாகக் காட்டிவிட்டால் அதைவிட மோசம். மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். குறைந்த ஆயில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருபக்கம் ஒதுங்கினால் பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சும்.

புனல் வைத்து ஊற்றினார்கள். 20டபிள்யூ-40. முதல் எண் சிறிதாக இருந்தால் குளிரில் ஆயில் சீக்கிரம் ஓடும் என்று பேத்தி எதையோ படித்துவிட்டு வந்து சொன்னாள். சரிதான், ஊட்டியின் உறைபனிக் காலைகளுக்கு அது நல்ல யோசனை. "பழைய இன்ஜினுக்குக் கெட்டியாத்தான் இருக்கணும்" என்று தாத்தா சாதித்துவிட்டார். மூன்று லிட்டர் கேனில் கொஞ்சம் மிச்சம் வைத்து நிறுத்தினார். சாவியைத் திருப்பினார். டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்து, அணைந்தது. அடியில் விரித்த செய்தித்தாளில் சொட்டு இல்லை. இன்ஜினை நிறுத்தி, ஆயில் இறங்கக் காத்திருந்து, டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்தார். இரண்டு கோட்டுக்கும் நடுவில், மேல் கோட்டை ஒட்டி.

மேல் பாதையில் போன ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"அண்ணா, பழைய ஆயில் இருந்தாக் குடுங்க. வேலிக் கம்பத்துக்கு அடிக்கணும்."

"இது ஒர்க்ஷாப்புக்குப் போவுது தம்பி."

"நாலே நாலு கம்பந்தாண்ணா. கரையான் அரிக்குது."

"உங்க வேலிக்குக் கீழ என்ன இருக்குது?"

அவர் பதில் சொல்லவில்லை. கீழே ஊற்று இருக்கிறது. குழாயில் தண்ணீர் வராத நாட்களில் அந்த வரிசை வீடுகளின் குடங்கள் அங்கேதான் நிறையும். அவர் வீட்டுக் குடமும்தான்.

"மழையில எறங்கிரும் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெரியவர் சட்டியைப் பார்க்கத் திரும்பினார். வந்தவர் சிரித்து மழுப்பிக்கொண்டு நடந்தார். பழைய ஆயிலைக் கம்பத்துக்கு அடிப்பது, சென்ட்ரிங் பலகைக்குத் தடவுவது எல்லாம் ஊரில் நெடுநாள் வழக்கம். யாரும் அதைக் குற்றமாக நினைப்பதில்லை.

ஊற்று ஓடையாகும். ஓடை குன்னூர் ஆற்றில் சேரும். மார்க்கெட்டையும் பஸ் ஸ்டாண்டையும் ஒட்டி ஓடும் அந்த ஆறு, மலை ரயில் பாதையோடு பள்ளத்தாக்கில் இறங்கி மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் பவானியில் கலக்கிறது. பவானி, 1955இல் கட்டி முடித்த பவானிசாகர் அணைக்குப் போகிறது. அங்கிருந்து கோபிசெட்டிபாளையத்து நெல்வயல்களுக்கு. ஒரு காரில் ஒருமுறை மாற்றும்போது வரும் பழைய ஆயில் 10 லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு. நம் நாட்டிலும் 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளுக்குள் பழைய ஆயில் அடங்கும். ஆயில் தயாரிக்கும் கம்பெனிகளே பழையதைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பப் பொறுப்பு என்று 2024 ஏப்ரல் 1 முதல் திருத்தமும் நடைமுறைக்கு வந்திருக்கிறது. மலைக்கு வரும் வண்டிகளை நிறுத்திப் பிளாஸ்டிக் பாட்டில் தேடும் மாவட்டம் இது. சரிவில் கவிழ்க்கும் ஆயில் சட்டியைத் தேட எந்தச் சோதனைச் சாவடி இருக்கிறது?

பேத்தி வேறொரு காலிக் கேனின் லேபிளைக் கத்தியால் கிழித்தெடுத்தாள். காலிக் கேனில் கண்டதை நிரப்பிப் புதுசென்று விற்கிற ஆட்கள் உண்டு. பெயிண்டால் 'பழசு' என்று எழுதிவிட்டு, சட்டியை இருவரும் பிடித்து, அதே புனல் வழியாகக் கேனுக்குள் ஊற்றினார்கள். பழைய பில்டரைத் துளைபோட்டுச் சட்டியில் கவிழ்த்து வைத்தார்கள். ஒரு ராத்திரி வடிய வேண்டும். ஆயில் சிந்திய மரத்தூளைத் தனியே ஒரு டப்பாவில் அள்ளினார்கள். ஷெட்டைப் பூட்டிப் பூட்டை இழுத்துப் பார்த்தார் பெரியவர். கோத்தகிரி, குன்னூர் பக்கத்தில் கோயில் கதவை உடைத்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகும் கரடிகளைப் பற்றிப் பத்திரிகையில் அடிக்கடி வரும். இன்ஜின் ஆயிலும் அவற்றுக்குப் பிடிக்குமா என்று சோதித்துப் பார்க்க அவருக்கு மனமில்லை.

மறுநாள் டவுனில் ஒரு ஒர்க்ஷாப் வாசலில் அந்த வெள்ளை வண்டி நின்றது. நான் எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். கேன், பில்டர், மரத்தூள் டப்பா மூன்றும் கைமாறின. உள்ளிருந்து வந்த பையன் கேனை 200 லிட்டர் டிரம்மில் கவிழ்த்துவிட்டுக் காலிக் கேனில் ஆணியால் ஓட்டை போட்டான். பெரியவர் காசு கொடுக்கவுமில்லை, வாங்கவுமில்லை.

வண்டியை நாமே பார்த்துக்கொள்ளலாம், நல்ல பழக்கம்தான். பழைய ஆயிலை மட்டும் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள், வேலிக்கும் கொடுக்காதீர்கள். பெட்ரோல் போடப் போகும் அன்று கேனையும் டிக்கியில் எடுத்துப் போட்டுக்கொண்டு, வழியில் இருக்கும் ஒர்க்ஷாப்பில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.