நல்ல காரியத்துக்கும் தர முடியாத நிலம்

பெங்களூர் மகாத்மா காந்தி சாலையின் மேற்கு முனையைத் தாண்டினால் கப்பன் பார்க். மூங்கில் புதர்களை நெருங்கும்போதே ஆட்டோக்களின் இரைச்சல் அடங்கத் தொடங்குகிறது. அதிகாலையில் நடைப்பயிற்சிக்காரர்கள், பத்து மணிக்கு உயர்நீதிமன்றத்துக்கு விரையும் வக்கீல்கள், உச்சி வெயிலில் மர நிழலில் துண்டை விரித்துத் தூங்கும் கூலித் தொழிலாளி. யாரும் நுழைவுச்சீட்டு கேட்பதில்லை. காசில்லாமல் உட்கார முடிகிற இடங்கள் இந்த நகரில் அதிகமில்லை.

பொறியாளர் ரிச்சர்டு சாங்கியின் முயற்சியில் 1870-ல் உருவானபோது பூங்காவின் பரப்பு சுமார் 100 ஏக்கர். பிறகு சுமார் 300 ஏக்கராக விரிந்தது. கூடவே கட்டடங்களும் வந்தன. அருங்காட்சியகம், 1915-ல் திறக்கப்பட்டு இன்று மாநில மத்திய நூலகமாக இருக்கும் சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம், குழந்தைகளுக்கான பால பவன், டென்னிஸ் மன்றம், பிரஸ் கிளப். எதையும் வேண்டாத கட்டடம் என்று சொல்லிவிட முடியாது. சிக்கலே அதுதான். பூங்காவைத் தின்ன வருகிறவர்கள் கோடரியோடு மட்டும் வருவதில்லை. நல்ல காரணத்தோடும் வருகிறார்கள்.

இந்தப் பசிக்கு எல்லை கட்டத்தான் 1975-ல் கர்நாடக அரசுப் பூங்காக்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் 1998-ல் பூங்காவின் ஒரு பகுதியைப் பாதுகாப்பிலிருந்து விலக்க அரசே முனைந்தது. நகரவாசிகள் தெருவில் இறங்கினார்கள், நீதிமன்றத்துக்கும் போனார்கள்.

அதற்கு முன்பே இன்னொரு பூங்காவுக்காக பெங்களூர்வாசிகள் வழக்காடி வென்றிருந்தார்கள். சாங்கி 1882-ல் அமைத்த ஏரி, கப்பன் பார்க்குக்கு வடக்கே சில கிலோமீட்டரில் இருக்கிறது. அதை ஒட்டிய சதாசிவநகரில் குடியிருப்புத் திட்டம் போட்டபோதே ஒரு நிலம் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. 1976-ல் மாநில அரசின் உத்தரவுப்படி அது ஒரு தனியார் மருத்துவ அறக்கட்டளைக்கு மருத்துவமனை கட்டத் தரப்பட்டது. 'மருத்துவமனையும் மக்களுக்குத்தானே' என்ற வாதம் எளிதில் தள்ளிவிடக் கூடியதல்ல. உயர்நீதிமன்றத்தில் தனி நீதிபதி குடியிருப்போரின் மனுவைத் தள்ளுபடி செய்தார். இரு நீதிபதிகள் அமர்வு அதை ஏற்றது. 1991-ல் உச்சநீதிமன்றம் முடிவாகச் சொன்னது: பூங்காவும் தனியார் மருத்துவமனையும் ஒன்றல்ல, பூங்காவுக்கென ஒதுக்கிய பொது நிலத்தைத் தனியார் கையில் கொடுக்க முடியாது, முதலமைச்சரின் உத்தரவு சட்டத்துக்கு மேலானதல்ல, அங்கே குடியிருப்பவர்களுக்கு வழக்குத் தொடுக்க உரிமை உண்டு.

அந்தக் கடைசி வரிதான் முக்கியம். 'உனக்கென்ன நஷ்டம்?' என்று கேட்டு மனுதாரரை அனுப்பிவிட முடியாது. பூங்கா போனால் பக்கத்து வீட்டுக்காரருக்கு நஷ்டம்தான் என்று நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. இன்று எந்த ஊரில் பூங்கா நிலத்தில் வணிக வளாகமோ வாகன நிறுத்தமோ வரப்போகிறது என்றாலும் வக்கீல்கள் புரட்டிப் பார்க்கும் தீர்ப்புகளில் இதுவும் ஒன்று.

மருத்துவமனைக்கு வேறு மனை பார்க்கலாம். கப்பன் பார்க் நிழலில் தூங்கும் அந்தத் தொழிலாளிக்கு வேறு மரம் பார்த்துத் தர ஆளில்லை. அவர் வழக்கும் போட மாட்டார். அவருக்காகவும் யாராவது போட வேண்டியிருக்கிறது.