எட்டு மைல் சாலையின் இருபுறம்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மிச்சிகன் மாநிலத்தில், கனடா நாட்டை எதிர்நோக்கியவாறு ஆற்றங்கரையில் அமைந்திருப்பது டெட்ராய்ட் மாநகர். மோட்டார் வண்டித் தொழிலின் தாயகம் என நம் வாசகர் அதனை அறிந்திருப்பர். நம் பங்குகளிலிருந்து பொறியாளராகவும் செவிலியராகவும் கடல் கடந்து சென்ற பிள்ளைகளுள் சிலர் அவ்வட்டாரத்தில் குடும்பத்தோடு வாழ்கின்றனர். "மகன் டெட்ராய்ட்டில் இருக்கிறான்" என்று பெற்றோர் பெருமையோடு கூறுவர். ஆயின் அம்மகனின் முகவரியை வாங்கிப் பார்த்தால், ட்ராய் என்றோ, நோவை என்றோ, கேன்டன் என்றோ, ஃபார்மிங்டன் ஹில்ஸ் என்றோதான் பெரும்பாலும் எழுதியிருக்கும். இவை மாநகரைச் சூழ்ந்த புறநகர்கள். ஒவ்வொன்றும் தனக்கெனத் தனி ஆட்சி மன்றமும், தனி வரியும் உடையது.

மாநகரில் குடியேறுவதா, புறநகரில் குடியேறுவதா என்னும் வினாவை எதிர்கொண்ட ஒரு குடும்பத்தோடு சில வாரங்கள் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. என் தங்கையின் மகனும் அவன் மனைவியும் இரு பிள்ளைகளோடு நோவையில் வாடகை வீட்டில் வாழ்கின்றனர். அவன் புறநகர் அலுவலகம் ஒன்றில் பொறியாளன். அவள் மாநகர மருத்துவமனை ஒன்றில் செவிலி. சொந்த வீடு வாங்கும் காலம் வந்தபோது அவன் உள்ளம் நோவையை நாடிற்று. அவள் உள்ளம் மாநகரை நாடிற்று. தங்கையோ ஊரிலிருந்து தொலைபேசியில், "அண்ணா, அந்தப் பட்டணத்தில் பகலிலேயே சுட்டுவிடுவார்களாமே! நீங்களாவது அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள்" என்று கலங்கினாள். எடுத்துச் சொல்லுமுன் ஊரைக் கண்ணாரக் காண்பது நன்று எனக் கருதினேன்.

ஆற்றங்கரையில் பிறந்த நகர்

1701-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள் பிரெஞ்சுத் தளபதி காடிலாக் இவ்விடத்தில் கரையேறினார். இரண்டு நாள் கழித்து, புனித அன்னம்மாள் திருநாளன்று, அவ்வன்னையின் பெயரால் சிற்றாலயம் ஒன்று தொடங்கப்பெற்றது. அப்பங்கு இன்றளவும் உயிரோடு இருக்கிறது. இப்போதுள்ள செங்கல் ஆலயம் 1880-களில் எழுப்பப்பட்டது. 2020-இல் அது பசிலிக்காவாக உயர்த்தப்பெற்றது. 1805-இல் நகர் முழுவதும் தீக்கிரையானபோது அங்கே பங்குத் தந்தையாயிருந்தவர் கபிரியேல் ரிஷார் அடிகளார். "மேலானவற்றை நம்புகிறோம், சாம்பலிலிருந்து அது எழும்" என்னும் பொருள்பட அவர் மொழிந்த இலத்தீன் வாசகமே இன்றும் நகரின் முத்திரையில் திகழ்கிறது. 1832-இல் வாந்திபேதி பரவியபோது நோயாளருக்குத் தொண்டாற்றி உயிர் துறந்த அவர், அவ்வாலயத்திலேயே அடக்கம் பெற்றிருக்கிறார்.

1913-இல் ஹென்றி ஃபோர்டு, மாநகரால் சூழப்பெற்ற ஹைலண்ட் பார்க்கில் நகரும் தொடர்வரிசை முறையில் வண்டிகளைச் செய்யத் தொடங்கினார். அடுத்த ஆண்டே நாளொன்றுக்கு 5 டாலர் ஊதியம் அறிவித்தார். உலகின் பல திசைகளிலிருந்தும், அமெரிக்கத் தென்மாநிலங்களிலிருந்தும் மக்கள் திரண்டனர். 1950-இல் மாநகரின் மக்கள் தொகை 18,49,568. எழுபது ஆண்டுகள் கழித்து, 2020-இல், அது 6,39,111. மூன்றில் இரு பங்கினர் இலர்!

அத்தனை பேரும் எங்கே போயினர்? மாநகரையும் புறநகர்களையும் ஒருசேர எண்ணினால், 1970-இலும் 2020-இலும் அவ்வட்டாரத்தின் மக்கள் தொகை 40 இலட்சத்துக்கு மேற்பட்டே நின்றது. அவ்வட்டாரம் காலியாகவில்லை; மக்கள் ஒரு கோட்டைக் கடந்து அப்பால் போயினர் என்பதே உண்மை. அக்கோடு மாநகரின் வடக்கெல்லையான எட்டு மைல் சாலை.

கோடு விழுந்த கதை

அச்சாலைக்குச் சற்றுத் தெற்கே, வீட்டுக் கொல்லைகளின் ஓரமாக ஒரு நீண்ட மதில் நிற்கிறது. உயரம் 6 அடி. நீளம் ஏறத்தாழ அரை மைல். 1941-இல் ஒரு மனை வணிகர் அதனைக் கட்டினார். ஒருபுறம் கறுப்பின மக்கள் வாழ்ந்தனர். மறுபுறம் வெள்ளையருக்கு வீடு கட்ட அவர் விரும்பினார். கறுப்பினத்தார் அருகில் இருப்பதால் அரசின் கடன் உத்தரவாதம் கிட்டாது என்றனர் அதிகாரிகள். மதில் எழுந்தது, உத்தரவாதமும் கிட்டிற்று. இப்போது அதன் ஒரு பகுதியில் சிறுவர் பூங்கா அமைந்துள்ளது. மதில்மீது வண்ண ஓவியங்கள் காட்சியளிக்கின்றன.

மதில் ஒன்றே கண்ணுக்குத் தெரிவது; ஏனையவை பத்திரங்களிலும் சட்டங்களிலும் மறைந்திருந்தன. இன்ன நிறத்தாருக்கு இவ்வீட்டை விற்கலாகாது என்று கிரயப் பத்திரங்களில் எழுதிவைத்த விதிகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றலாகாது என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1948-இல்தான். அதன் பின்னரும், ஏரிக்கரையிலுள்ள குரோஸ் பாயின்ட் புறநகர்களில், வீடு வாங்க வருவோரின் தோல் நிறம், பேச்சின் ஒலி, பழக்கவழக்கம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் இட்டு விலக்கும் முறை இரகசியமாக நடந்துவந்து, 1960-இல் அம்பலமாயிற்று. கறுப்பினத்தாரும் ஆசியரும் அதில் தேர்வெழுதவே தகுதியற்றவர். இன்று அப்புறநகர்களில் நம்மவர் வீடு வாங்க முடிகிறதெனில், அவ்வழியைத் திறக்கப் பாடுபட்டோருள் முன்னின்றவர் மாநகரின் கறுப்பின மக்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

அதன் பின் நிகழ்ந்தவை விரைந்து நிகழ்ந்தன. நெடுஞ்சாலைகள் அமைப்பதற்காகக் கறுப்பின மக்களின் கடைவீதிகள் இடிக்கப்பட்டன. தொழிற்சாலைகள் புறநகருக்கும் பிற மாநிலங்களுக்கும் பெயர்ந்தன. 1967 ஜூலையில் ஐந்து நாள் மூண்ட கலவரத்தில் 43 பேர் மாண்டனர். 1974-இல் உச்ச நீதிமன்றம், மாநகரப் பள்ளிகளின் இனப் பிரிவினையைக் களையும் திட்டத்தில் புறநகர்ப் பள்ளிகளைக் கட்டாயமாகச் சேர்க்க இயலாது என்று ஐவருக்கு நால்வர் என்னும் பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. எட்டு மைல் சாலையைக் கடந்தவரின் பிள்ளைகளுக்கு அது அரணாயிற்று. கடக்க இயலாதவரின் பிள்ளைகளுக்கு அதுவே மதிலாயிற்று.

நம் திருச்சபையும் இந்நகர்வுக்கு விலக்கன்று. மக்கள் அகன்றதால் பெரும் ஆலயங்களில் விரல்விட்டு எண்ணத்தக்கோரே எஞ்சினர். 1989-இல் மாநகரில் ஏறக்குறைய 30 பங்குகள் மூடப்பட்டன. புகழ்பெற்ற கத்தோலிக்க ஆண்கள் பள்ளி ஒன்று 1978-இல் மாநகரை விட்டு ரெட்ஃபோர்டுக்கும், 2005-இல் நோவைக்கும் பெயர்ந்தது. இயேசு சபையார் நடத்தும் உயர்நிலைப்பள்ளியோ 1931 முதல் ஏழு மைல் சாலையிலேயே நிலைகொண்டிருக்கிறது. கப்புச்சின் சபையார் 1929-இல் பசித்தோர்க்காகத் தொடங்கிய உணவகமும் மாநகரை நீங்கவில்லை. அம்மடத்தின் வாயிற்காப்போராயிருந்த சொலானுஸ் கேசி அடிகளாருக்கு 2017-இல் அருளாளர் பட்டம் வழங்கப்பெற்றது. போனவரும் நின்றவரும் ஒரே மறையினர்.

ஏட்டில் எழுதிய கணக்கு

ஒரு மாலை மருமகன் ஓர் ஏட்டை எடுத்துவந்து என்முன் வைத்தான். "மாமா, உணர்ச்சியை ஒதுக்கிவிட்டு இந்தக் கணக்கைப் பாருங்கள்" என்றான். கணக்கு நேர்மையாகவே இருந்தது.

மாநகரில் வாழ்வோர் தம் வருமானத்தில் நூற்றுக்கு 2.4 டாலர் நகர வரி செலுத்த வேண்டும். வெளியே வாழ்ந்து மாநகரில் வேலை செய்வோர்க்கு 1.2 டாலர். அவன் ஆண்டு வருமானம் 90,000, அவள் வருமானம் 60,000 எனக் கொள்வோம். சிறு விலக்குகளைக் கருதாவிடில், நோவையில் வாழ்ந்தால் அவள் ஊதியத்துக்கு மட்டும் 720 டாலர். மாநகரில் வாழ்ந்தால் இருவருக்குமாக 3,600 டாலர். வீட்டு வரி வீதமும் மாநகரில் கூடுதல். வண்டிக் காப்பீட்டுக் கட்டணம் 2019-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பின்னும் மாநகரில் மிகுதியே. மறுபுறம், அதே பரப்புள்ள வீட்டின் விலை நோவையைவிட மாநகரில் பெரிதும் குறைவு. மருத்துவமனைக்கு நாள்தோறும் போக வர ஓடும் ஏறத்தாழ 60 மைலும் மிச்சம்.

வீட்டு வரியில் புதியவர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. 1994-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஒருவர் வீட்டை வைத்திருக்கும்வரை வரிக்குரிய மதிப்பு ஆண்டுதோறும் சிறிதளவே உயரலாம். வீடு கைமாறியதும் அடுத்த ஆண்டு அது சந்தை மதிப்பின் பாதிக்கு ஏறிவிடும். ஆகவே, விற்பவர் இதுகாறும் கட்டிய வரியைப் பார்த்துக் கணக்கிடுவோர், மறு ஆண்டு வரிச்சீட்டைக் கண்டு திகைப்பர். இது மாநகருக்கும் புறநகருக்கும் பொது. பழைய வீடுகளில் ஈயம் கலந்த வண்ணப்பூச்சு உண்டா, நிலவறையில் மழைக்காலத்தில் நீர் ஏறுமா என்பனவற்றையும் ஆராய்தல் வேண்டும். 2021 ஜூன் பெருமழையில் மாநகர் வீடுகளோடு டியர்பார்ன், குரோஸ் பாயின்ட் வீடுகளின் நிலவறைகளும் மூழ்கின. நீருக்கு எல்லைக்கோடு தெரிவதில்லை.

இவ்வரி ஏன் இத்துணைக் கூடுதல்? 18 இலட்சம் பேருக்கென அமைந்த 139 சதுர மைல் நகரின் சாலை, குழாய், விளக்கு அனைத்தையும் 6 இலட்சம் பேர் தாங்குகின்றனர். அகன்றோரின் சுமை நின்றோரின் தோளில் ஏறியது. அந்த ஏட்டின் ஒவ்வொரு வரியிலும் நான் கண்டது இதுவே. நோவையின் ஆதாயமும் மாநகரின் நட்டமும் ஒரே கணக்கின் வரவும் செலவும் ஆகும்.

அச்சமும் உண்மையும்

தங்கையின் அச்சம் ஆதாரமற்றதன்று. 2013 ஜூலையில் ஏறத்தாழ 1,800 கோடி டாலர் கடன் சுமையோடு மாநகர் திவால் மனு அளித்தபோது, தெருவிளக்குகளில் நூற்றுக்கு 40 எரியவில்லை. வெற்று வீடுகள் ஆயிரக்கணக்கில் நின்றன. 2014 டிசம்பரில் திவால் நீங்கியது. 2016 முடிவதற்குள் 65,000 புதிய விளக்குகள் பொருத்தப்பட்டன. 2023-இல் நிகழ்ந்த கொலைகள் 252. 1966-க்குப் பின் அதுவே மிகக் குறைந்த எண். 2024-இல் அது 203 ஆயிற்று. 1988-இல் மூடப்பட்டுப் பாழடைந்து கிடந்த பெரும் புகைவண்டி நிலையம், ஃபோர்டு நிறுவனம் வாங்கிச் செப்பனிட்டபின் 2024 ஜூனில் திறக்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டு மதிப்பீட்டில், 1957-க்குப் பின் முதன்முறையாக நகரின் மக்கள் தொகை சற்றே கூடியிருந்தது.

ஆயினும் 203 உயிர்கள் சிறு தொகையல்ல. சில தெருக்களில் வீடுகளுக்கிடையே புல்வெளியே மிகுதி. அடுத்த தெருவிலோ கல்லும் செங்கல்லுமாக அழகிய இல்லங்கள், மரநிழல், மாலையில் மிதிவண்டி ஓட்டும் சிறுவர்! மாநகர் என ஒரே சொல்லால் குறிப்பிடுவது எளிது. குடியிருப்பதோ ஒரு தெருவில். ஆகவே தெருவைப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

மருமகள் விரும்பிய வீடு லிவர்னாய்ஸ் சாலையை ஒட்டிய தெரு ஒன்றில் இருந்தது. மூவரும் மும்முறை அங்கே சென்றோம்: ஒரு வேலை நாள் காலை, ஒரு சனிக்கிழமை இரவு, ஒரு ஞாயிறு நண்பகல். மூன்றாம் முறை, எதிர்வீட்டுத் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்த கறுப்பின மூதாட்டி எங்களை அழைத்து அமரச் செய்தார். ஐம்பது ஆண்டுகளாக அத்தெருவில் வாழ்பவர். ஓய்வு பெற்ற ஆசிரியை. மாநகர்மீது இரங்கி வருவோரைப் பலமுறை கண்டதாகவும், இரக்கம் தீர்ந்ததும் அவர்கள் வீட்டை விற்றுப் போய்விட்டதாகவும் கூறினார். தமக்கு வேண்டியவர் நடைபாதைப் பனியை அள்ளுபவர், தெருக்கூட்டத்துக்கு வருபவர், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயரை அறிந்தவர் என்றார். திரும்பும் வழியில் மருமகன் வெகுநேரம் பேசவில்லை. பின்பு, "மாமா, நோவையில் நாலு வருடமாக இருக்கிறோம். எதிர்வீட்டுக்காரர் பெயர் எனக்குத் தெரியாது" என்றான்.

இதனால் நோவை தாழ்ந்தது, மாநகர் உயர்ந்தது என்று முடிவு கட்டுதல் தவறு. பள்ளியில் தனிக் கவனம் தேவைப்படும் பிள்ளை உடையோர், நோயுற்ற பெற்றோரைப் பேணுவோர், கடன் சுமையுடையோர் ஆகியோர்க்குப் புறநகரே பொருந்தலாம். அதற்காக அவர்கள் நாணவேண்டுவதில்லை. எனினும் அங்கே வாழ்வோரும், வட்டாரம் முழுமைக்குமான பேருந்து வசதி, நீர், பள்ளி நிதி குறித்து வாக்கெடுப்பு வருங்கால், எட்டு மைல் சாலைக்குத் தெற்கே வாழ்வோரையும் எண்ணி வாக்களித்தல் தகும்.

அக்குடும்பம் எடுத்த முடிவு நிதானமானது. வாங்குவதை ஓராண்டு ஒத்திவைத்து, அதே தெருவில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்தனர். வரியையும் காப்பீட்டையும் கட்டி, ஒரு பனிக்காலத்தைக் கழித்து, பிள்ளைகளின் பள்ளியைக் கண்டறிந்து, அதன் பின்னர் வாங்குவதா திரும்புவதா என முடிவு செய்வர். மருமகன் தன் ஏட்டில் இருபுறக் கணக்கையும் தொடர்ந்து எழுதிவருகிறான். தங்கைக்கு இன்னும் கலக்கம் தீரவில்லை. ஆயினும் இப்போது அவள் கேட்கும் கேள்வி வேறு. "அந்த டீச்சரம்மா சௌக்கியமா?" என்று கேட்கிறாள்.

பிள்ளைகள் தொலைவிலிருந்து இத்தகைய வினாவை எழுப்பும்போது, நம்மூர்ப் பெற்றோர் செய்திகளைக் கேட்டு "வேண்டாம்" என்றோ, உறவினரின் பெருவீட்டைக் கண்டு "அங்கேயே வாங்கு" என்றோ உடனே உரைத்துவிடுவது இயல்பு. அதைவிட, மூன்று வினாக்களை அவர்களிடம் கேட்பது பயனளிக்கும்: அத்தெருவை இரவிலும் பகலிலும் பார்த்தீர்களா? மறு ஆண்டு வரியைக் கணக்கிட்டீர்களா? உங்களுக்கு அயலார் யார், நீங்கள் யாருக்கு அயலார் ஆவீர்கள்? மூன்றுக்கும் விடை கண்டபின் அவர்கள் எங்கே குடியேறினாலும், நாம் மனநிறைவோடு வாழ்த்தி அனுப்பலாம்.