கல் இருக்கிறது, கடல்தான் தூரம்

போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையில் நாட்டுக்கோழிகளுக்குப் பக்கத்திலேயே புறாக் கூடைகளும் வந்து இறங்கும். வாங்க வருகிறவர்கள் முதலில் கண்ணைப் பார்ப்பார்கள். அப்புறம் இறக்கையை விரித்து இறகுகளை எண்ணுவார்கள், நெஞ்செலும்பை விரலால் நீவிப் பார்ப்பார்கள், எந்த வம்சம் என்று விசாரிப்பார்கள். தீனி என்ன போட்டீர்கள் என்று கேட்பவரும் உண்டு. கல் என்ன வைத்தீர்கள் என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அதைக் கேட்கத்தான் பாரூர் சாலையில் ஒரு வீட்டு மொட்டைமாடிக்கு ஏறினேன்.

வீட்டுக்காரர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். முப்பத்தைந்து வயதிருக்கும். இரவு ஷிப்ட் முடித்து வந்து, குளிப்பதற்கு முன்பே கூண்டைத் திறந்துவிடுகிற ஆள். வளர்ப்பது எல்லாம் ஹோமர். ‘மாரி’ படம் 2015இல் வந்தபின் புறாப் பந்தயம் என்றால் எல்லோருக்கும் சென்னை மாடிகள் நினைவுக்கு வருகின்றன. ஆனால் கர்ணம் போடும் புறா வேறு, மணிக்கணக்கில் வானத்தில் நிற்கும் புறா வேறு, ஹோமர் வேறு. ஹோமருக்கு ஒரே வேலை, விட்ட இடத்திலிருந்து வீடு திரும்புவது. பெல்ஜியத்தில் உருவான இனம். ஒடிசா காவல்துறை 1946இல் தொடங்கிய புறா அஞ்சலுக்கும் இந்த இனத்தைத்தான் வைத்திருந்தார்கள். இவர் தன் பறவைகளைப் பைக்கில் கூடை கட்டி எடுத்துப்போய் மத்தூரில் விடுவார். தேறினவை அடுத்து ஊத்தங்கரை, பிறகு சிங்காரப்பேட்டை, கடைசியாகச் செங்கம். ‘டாஸ் குடுக்கறது’ என்பார்கள். காற்று வாகாக இருந்தால் மணிக்கு 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் வரும். பல நேரம் இவர் பைக் வீடு சேரும்போது புறா முன்னாலேயே கூண்டில் உட்கார்ந்திருக்கும்.

அன்று அவர் கல் கலக்கும் நாள். பிரித்துப் போட்ட உரச்சாக்கின் மேல் தனித்தனிக் குவியல்களாக இருந்தன: கழுவிக் காயவைத்த கருங்கல் பொடிசு, இடித்த கிளிஞ்சல், பழைய நாட்டு ஓட்டுச் சில்லு, மரக்கரி, ஒரு கிண்ணத்தில் கல்லுப்பு, நாட்டுமருந்துக் கடையில் வாங்கிய கடல்நுரைத் துண்டு இரண்டு. கடல்நுரை என்று கடையில் கொடுப்பது நுரை இல்லை, கணவாய் மீனின் முதுகு ஓடு. இவ்வளவும் சேர்ந்ததுதான் புறாக்காரர்கள் ‘கிரிட்’ என்று சொல்வது.

புறாவுக்குப் பல் கிடையாது. மக்காச்சோளத்தை முழுசாக விழுங்குகிறது. கழுத்துக்குக் கீழே தீனிப்பையில் ஊறிய தானியம் அரைவைப்பைக்குப் போகிறது. கெட்டித் தசையாலான அந்தப் பை தானாக எதையும் அரைத்துவிடாது. உள்ளே கல் வேண்டும். தசை பிசையப் பிசைய, கல்லுக்கு நடுவில் சிக்கிய தானியம் நொறுங்குகிறது. பையில் கல் நாள்கணக்கில் தங்கி, முனை மழுங்கி, தேய்ந்து, கடைசியில் எச்சத்தோடு வெளியேறும். புறா வேறு கல்லைத் தேடும்.

இது ஒரு வேலை. கிரிட்டுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. அதைத்தான் பலர் முதலாவதோடு போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். கிளிஞ்சலும் கடல்நுரையும் அரைப்பதற்காக வைப்பவை அல்ல. அவை வயிற்று அமிலத்தில் கரைந்து போகும், கரைந்து போகவேண்டும். அவை சுண்ணாம்புச் சத்து. கருங்கல்லோ கரையவே கரையாது. கருங்கல்லைக் கொட்டி வைத்துவிட்டு ‘எங்க புறாவுக்குக் கால்சியம் குறையே இல்லை’ என்பவரையும், கிளிஞ்சலை மட்டும் வைத்துவிட்டு எச்சத்தில் முழுத் தானியம் வருகிறதே என்று வைத்தியம் தேடுபவரையும் ஒரே சந்தையில் பார்க்கலாம்.

இந்த ஊரில் முதல் வேலைக்கான கல்லுக்குப் பஞ்சமே கிடையாது. கிருஷ்ணகிரி மாவட்டமே பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. பாரடைசோ என்ற பெயரில் கப்பலேறும் பட்டைக்கல் இந்த மாவட்டத்துக் குவாரிகளில் வெட்டியெடுத்ததுதான். முன்பெல்லாம் புறாக்காரர்கள் தென்பெண்ணை ஆற்றிலிருந்து பருமணல் அள்ளி வந்து சலித்துக்கொள்வார்கள். இப்போது ஆற்றில் கைவைக்க முடியாது. கிரஷரில் உடைத்ததுதான் கதி.

கிரஷரில் லோடு ஏற்றும் ஒருவர்தான் இவருக்குக் கல் கொண்டுவந்து கொடுக்கிறார். பக்கத்துத் தெரு. நான் போயிருந்தபோது அவரும் வந்திருந்தார். கல்லின் அளவு அவருக்கு விரல் நுனியில். “நாப்பது, இருவது, பன்னெண்டு, ஆறு. அதுக்குக் கீழ டஸ்ட்டு. புறாவுக்கு ஆறே பெருசுங்க. ஆறுக்கும் டஸ்டுக்கும் நடுவுல ஒண்ணு விழும், அதான் இவருக்கு” என்றார். மில்லிமீட்டர் கணக்கு அது. கட்டுமானத்துக்கு விற்கும் எம்-சாண்ட் 4.75 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்கவேண்டும் என்பது தர விதி. அப்படி இறங்கியதிலேயே பெரிய மணி, இரண்டு முதல் நாலு மில்லிமீட்டர் வரை உள்ளது, புறாவுக்குச் சரியான அளவு. அப்படியே வைக்கக்கூடாது. கல்மாவு ஒட்டியிருக்கும். வாளியில் போட்டு அலச அலச முதலில் பால் நிறத்தில் தண்ணீர் வரும். அது தெளியும்வரை அலசி, மாடி வெயிலில் காயப்போட வேண்டும்.

அலசுவதைப் பார்த்துக்கொண்டிருந்த கிரஷர்க்காரர், “எங்களுக்கும் யாராச்சும் இப்படி அலசி வுட்டா நல்லாருக்கும்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தோளில் கிடந்த துண்டுதான் அவர் முகத்துக்குக் கட்டுவது. கருங்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ்தான் புறாவின் வயிற்றில் நன்றாக அரைக்கிறது. அதே குவார்ட்ஸ் நுண்தூசியாக மூச்சில் ஏறினால் நுரையீரலில் தங்கித் தழும்பாகும். சிலிக்கோசிஸ் என்ற அந்த நோய் வந்தபின் குணமாக்க மருந்து கிடையாது. பறவைக்குக் கல்லைக் கழுவ ஓர் ஆள் இருக்கிறார். கிரஷரில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குவது அதைவிடக் கடினமான வேலை ஒன்றும் இல்லை.

சுண்ணாம்புக்கு வருவோம். இவருக்கு நிஜமான பாடு அங்கேதான். மக்காச்சோளமோ கம்போ கோதுமையோ, தானியங்களில் கால்சியம் மிகமிகக் குறைவு. மக்காச்சோளத்தில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் ஏறத்தாழ பத்து மடங்கு. தானியம் மட்டும் தின்று வளரும் கூண்டுப்புறா கால்சியத்தை வேறெங்கிருந்தும் எடுக்க வழியில்லை. பெட்டைக்கு இது உயிர்ப் பிரச்சினை. முட்டையிடும் நாள் நெருங்கும்போது அதன் கால் எலும்பின் உட்குழியில் புதிதாக எலும்பு படியும். ஓடு கட்டுவதற்கான கையிருப்பு அது. பெட்டைப் புறாவின் எலும்புக்குள் நடக்கும் இந்த மாற்றத்தைக் கைஸ், பாட்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 1934இல் விரிவாக எழுதினார்கள். கோழிகளில் அதைப் பற்றி ஆராய்ச்சி பெருகியது பிற்பாடுதான். புறா இரண்டு முட்டை இடும், சுமார் 44 மணி நேர இடைவெளியில். கையிருப்பு போதாவிட்டால் இரண்டாவது முட்டை தோல்முட்டையாக வரும், அல்லது வராமல் உள்ளேயே அடைத்துக்கொண்டு பெட்டையைக் கொன்றுவிடும். தப்பிப் பொரித்த குஞ்சுக்கும் ஆபத்து உண்டு. நெஞ்செலும்பு கோணிப்போன குஞ்சு பார்க்க லட்சணமாக இருந்தாலும் செங்கத்திலிருந்து திரும்பி வராது.

கடல் இங்கிருந்து வெகு தூரம். கிளிஞ்சல் எப்படி வருகிறது என்று கேட்டேன். வழி நாமக்கல். அங்கே முட்டைக்கோழிப் பண்ணைகளுக்குத் தீவனத்தோடு கிளிஞ்சல் கிரிட் மூட்டைகள் லாரி லாரியாகப் போகின்றன. தீவன லாரி ஓட்டும் ஒருவர் மூலம் அதில் ஒரு மூட்டை போச்சம்பள்ளிக்குத் திரும்பும். கோழி முட்டைக்காகப் புறப்பட்ட கடல் ஓடு, வழியில் இறங்கிப் புறா முட்டைக்கு வருகிறது.

அதை இடிப்பது வீட்டுக்காரரின் அம்மா. உரலும் உலக்கையும் அவருடையவை, கணக்கும் அவருடையது. “மாவா இடிச்சிட்டா அதுங்க கொத்தாதுப்பா. பல்லு பல்லா இருக்கணும்” என்றார். முதல் சலிப்பில் பெரிய துண்டு மேலே நிற்கும், திரும்ப உரலுக்குப் போகும். இரண்டாவது சலிப்பில் மாவு கீழே இறங்கும். அது செம்பருத்திச் செடிக்கு. நடுவில் நிற்பதுதான் கூண்டுக்கு. மூட்டையில் கல்மாவு கலந்து வந்துவிடுமோ என்ற சந்தேகம் அவருக்கு எப்போதும் உண்டு. ஒரு சிட்டிகை எடுத்து எலுமிச்சைச் சாறு பிழிவார். நுரைத்துப் பொங்கினால் கிளிஞ்சல், சும்மா கிடந்தால் கல். ஆய்வுக்கூடத்தில் அமிலம் விட்டுப் பார்ப்பதும் இதேதான். கிளிஞ்சல் கிடைக்காத மாதங்களில் காட்டோரத்துச் சுக்கான் கல்லை உடைத்து இதே பரீட்சை வைப்பாராம். அதில் மண் கலந்திருப்பதால் நுரை குறைவாகத்தான் வரும், ஒன்றுமில்லாததற்கு அது.

ஓட்டுச் சில்லு எதற்கு என்றால், ‘இரும்புச் சத்து’ என்று புறாக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. சுட்ட மண்ணில் சிவப்பாகத் தெரியும் இரும்பு அவ்வளவு சுலபத்தில் உடம்பில் சேர்வதில்லை. சிவப்பு நிறம் பறவையை இழுக்கிறது, கல்லாக அரைக்கவும் செய்கிறது, அது போதும். கரி விஷயத்தில் அவர்களுக்குள்ளேயே கட்சி இரண்டு. வயிற்றைச் சுத்தம் செய்கிறது என்பார் ஒருவர். நல்ல சத்தையும் சேர்த்து உறிஞ்சிவிடும் என்பார் மற்றவர். இவர் ஒரு பிடி போடுகிறார், ‘வழக்கம்’ என்கிறார். நான் வாதாடவில்லை.

உப்புதான் அவர் அளந்து போடும் ஒரே பொருள். பத்துக் கிலோ கலவைக்கு முந்நூறு கிராம். புறாவுக்கு உப்பின்மேல் ஆசை அதிகம். தானியத்தில் சோடியம் மிகக் குறைவு என்பதால் சுவரைக்கூடக் கொத்தும். ரொம்ப நாள் உப்பே காட்டாமல் வைத்திருந்து திடீரென்று கட்டியாக வைத்தால் அளவில்லாமல் தின்று செத்துப்போகும். “பசிக்குத் தின்றது நிக்கும், உப்புக்குத் தின்றது நிக்காதுங்க” என்றார். கூடையில் ஏற்றுவதற்கு முந்தின நாள் கிரிட் கிண்ணத்தையே எடுத்துவிடுவார், வழியில் தாகம் எடுக்கக்கூடாது என்று. திரும்பி வந்தபின் தண்ணீர், தானியம், அதற்கப்புறம்தான் கிண்ணம்.

கடைகளில் இளஞ்சிவப்புப் பொடி, வாளி வாளியாக வெளிநாட்டுக் கலவை எல்லாம் கிடைக்கின்றன. 2020 நவம்பரில் நியூ கிம் என்ற பெல்ஜியப் பெட்டை 16 லட்சம் யூரோவுக்கு ஏலம் போன பிறகு, புறா சம்பந்தப்பட்ட எதற்கும் விலை சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை என்றாகிவிட்டது. அந்தக் கலவைகள் மோசம் என்று நான் சொல்லவில்லை. பொருள் பட்டியலைப் படித்தால் பாதிக்கு மேல் இந்த உரச்சாக்கின் மேல் இருப்பதேதான். எனக்கு அதைவிடக் கவலை, மாட்டுக்குக் கொடுக்கும் தாது உப்புக் கலவையைப் புறாவுக்கு வைக்கும் பழக்கம். இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு பால்மாடு, டப்பாவும் கைக்கெட்டும் தூரத்தில். ஆனால் அதன் பாஸ்பரஸும் தாமிரமும் துத்தநாகமும் மாட்டின் உடம்புக்குப் போட்ட கணக்கு. தானியமே பாஸ்பரஸை வாரிக் கொடுக்கும்போது இன்னும் பாஸ்பரஸ் ஊட்டினால் கால்சியம்தான் அடிவாங்கும்.

உலோகத்தைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் மாறியது. சிப்காட் வந்து, ஓலா ஸ்கூட்டர் ஆலையும் வந்து, சுற்றிலும் லேத்தும் வெல்டிங் பட்டறையும் முளைத்துவிட்டன. பறக்கவிட்ட புறா எங்கே இறங்கிக் கொத்துகிறது என்று பார்க்க முடியாது. கல் தேடும் பறவை பளபளப்பானதை விடாது. சால்டர் ஈயத் துளி, கேபிள் துணுக்கு, துத்தநாகம் பூசிய கம்பியின் உதிரி எதுவானாலும் கல் என்றே எண்ணி விழுங்கும். அரைவைப்பை அதையும் தேய்க்கும், அமிலம் கரைக்கும், விஷம் மெதுவாக ஏறும். எச்சம் பச்சையாகும், தீனிப்பை காலியாகாது, இறக்கை தொங்கும். வயிறு நிறையக் கல் இருக்கிற பறவை வெளியே போய்த் தேடாது என்பது இவர் நம்பிக்கை. அதனால்தான் காலையில் கூண்டைத் திறக்கும் முன்பே கிண்ணத்தை வைக்கிறார். கூண்டுக்கும் பூச்சுக் கம்பிவலை வேண்டாம் என்று மூங்கில் பட்டை அடித்திருக்கிறார்.

கிண்ணம் மண் அகல், உள்ளங்கை அளவுதான். நிறைய வைத்தால் வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டு தூசியை விட்டுவைக்கும், அதில் எச்சமும் விழும். மழை மாதத்தில் உப்பு ஈரத்தை இழுத்துக் கட்டிதட்டும். அதனால் கொஞ்சமாக வைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை மிச்சத்தைக் கொட்டிவிடுகிறார். அடைகாக்கும் ஜோடிக்குத் தனிக் கிண்ணம். அதில் எது குறைகிறது என்று பார்த்தே அவருக்குத் தெரிந்துவிடுகிறது: கிளிஞ்சல் மளமளவென்று தீர்ந்தால் பெட்டை முட்டைக்குத் தயாராகிறாள், குஞ்சு பொரித்த பின் ஆணும் சேர்ந்து கொத்தினால் இரண்டும் தீனிப்பையில் சுரக்கும் பாலை ஊட்டுகின்றன. எவ்வளவு தரவேண்டும் என்று அவர் முடிவு செய்வதில்லை. பத்துக் கூண்டுக்கும் ஒரே அளவாகத் தண்ணீரில் கலக்கும் சொட்டு மருந்துகளைவிட இது எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

கலவையை டப்பாவில் அள்ளிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் ஏறி வந்தான். புதிதாக நாலு ஹோமர் வாங்கியிருக்கிறான். “அண்ணா, ஒரு டப்பா கிரிட்டு குடுண்ணா, காசு தரேன்” என்றான். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். “காசு வேணாம். நாளைக்கு மூட்டை வருது. வந்து இடி, பாதி எடுத்துட்டுப் போ.” பையன் உலக்கையை ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, சாயங்காலம் வரட்டுமா என்று கேட்டான். வெயில் ஏறுவதற்கு முன்னால் வரச் சொன்னார்.