ஆகாயத்திலிருந்து ஒரு வாய்க்கால்

ஜேடர்பாளையம்,
தை 6.

அன்புள்ள நண்பருக்கு,

பரமத்தி வேலூரில் பஸ் மாறி இவ்வூர் வந்து சேர்ந்து நான்கு நாட்கள் ஆகின்றன. பொங்கல் கழிந்தும் வெல்ல ஆலைகள் ஓய்ந்தபாடில்லை; கொப்பரையில் பாகு திரளும் வாசனை, பஸ்ஸைவிட்டு இறங்கிய கணத்திலேயே வந்தவரை எதிர்கொண்டு அழைக்கிறது. படுகை அணையையும் அதன் கீழே பாறைகளுக்கிடையில் நுரைத்தோடும் ஜலத்தையும் கரையோரக் கடைகளின் மீன் வறுவலையும் பற்றிச் சென்ற முறையே விரிவாக எழுதிவிட்டேன். இம்முறை எழுத நினைத்தது வேறொன்று.

நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரர் கொடிக்கால் வைத்திருப்பவர். வெற்றிலை கிள்ளி, கவுளி கட்டி, நூற்றுநான்கு கவுளி சேர்த்து ஒரு சுமையாக்கிச் சந்தைக்கு அனுப்பிவிட்டால், அந்திக்குமேல் அவருக்கு ஓய்வுதான். அவ்வேளைகளில், கூடத்துச் சுவரை அடைத்துக்கொண்டிருக்கும் பெரிய தொலைக்காட்சியில், தேசத்தை வானத்திலிருந்து காட்டும் படங்களை நாங்கள் பார்த்தோம். முதல் இரண்டு இரவுகள், 2020ஆம் ஆண்டுச் சுதந்திர தினத்தை ஒட்டி நேஷனல் ஜியாகிரபிக் நிறுவனம் இரண்டு பாகங்களாக வெளியிட்ட ‘இந்தியா ஃப்ரம் அபவ்’. தேவ் படேல் என்னும் நடிகரின் குரல் வழிநடத்த, பாரத பூமி எங்களுக்குக் கீழே மெல்ல நகர்ந்தது. மூன்றாம் இரவு, யான் ஆர்த்துஸ்-பெர்த்ரான் என்ற பிரெஞ்சுக்காரர் பூமி முழுவதையுமே ஆகாயத்திலிருந்து எடுத்து 2009 ஜூன் 5 அன்று வெளியிட்ட ‘ஹோம்’. கென்யாவுக்குச் சிங்கங்களை ஆராயப் போன அவர், அங்கே பலூன் ஓட்டி ஜீவனம் செய்த நாட்களில்தான், மேலிருந்து பார்க்கும்போது மண் வேறொரு பாஷை பேசுகிறது என்று கண்டுகொண்டாராம்.

அந்தப் பாஷையின் வசீகரத்தை நான் மறுக்கவில்லை. ஒன்றை நெஞ்சாரச் சொல்ல வேண்டும்: எந்த மாநிலத்தின் எல்லைக்கோடும் அந்த உயரத்தில் தென்படுவதில்லை, நீர் போன வழியே தேசத்தின் உண்மையான வரைபடம் என்ற தெளிவு அப்போது உண்டாயிற்று. ஆனால் மூன்று இரவும் மனத்தின் ஒரு மூலையில் ஒரு குறை இருந்துகொண்டே இருந்தது. அத்தனை உயரத்தில் எல்லாமே அழகாகிவிடுகிறது. நம் சேலத்துச் சேகோ ஆலைகளின் வெயில் காயும் களங்கள் அங்கிருந்து வெள்ளைச் சதுரங்களாகவும், நாமக்கல்லின் கோழிப்பண்ணைகள் சீப்பின் பற்களைப்போல வரிசை பிசகாத நீண்ட கோடுகளாகவும் தெரியலாம். களத்தில் மாவு கிளறும் பெண்ணின் கண்கூச்சம் அங்கே எட்டாது. வீட்டுக்காரரின் கொடிக்காலும் கரும்பச்சைக் கம்பளமாகவே தோன்றும். அகத்தி நிழலுக்குள் குனிந்து, கொடியை வாழைநாரால் அணைத்துக் கட்டும் அவர் தோன்றமாட்டார்.

அப்போது எனக்குப் புஷ்பக விமானம் நினைவுக்கு வந்தது. வான்மீகியும் காளிதாசனும் நம் கம்பனும், இலங்கையிலிருந்து அயோத்திக்குத் திரும்பும் இராமன் விமானத்திலிருந்தபடியே சேதுவையும் மலைகளையும் ஆறுகளையும் சீதைக்குக் காட்டி வரும் காட்சியைப் பாடியிருக்கிறார்கள். ஆகாயத்திலிருந்து தேசத்தைக் காட்டும் படங்களுக்கு அதைவிடப் பழைய முன்மாதிரி இருக்க முடியுமோ? ஆயினும் ஒரு பேதம். இராமன் காட்டியது தான் கால்நடையாக நடந்து, முள் தைத்து, அழுது கடந்த பூமியை. நடந்தவன் பறந்ததால்தான் அவன் விரல் நீட்டிய ஒவ்வோரிடத்துக்கும் ஒரு கதை இருந்தது.

நான்காம் நாளாகிய நேற்று இதற்கு ஒரு சாட்சியமும் கிடைத்தது. வீட்டுக்காரரின் மகனுக்குச் சென்ற ஆவணியில் கல்யாணம். புகைப்படக்காரர் ட்ரோனைப் பறக்கவிட்டு ஊரை எடுத்த காட்சியைப் போட்டார்கள். எண்பது வயதைத் தாண்டிய வீட்டுக்காரரின் தாயார் இதுவரை தம் ஊரை மேலிருந்து கண்டதில்லை. “நம்ம வீடு தெரியுதுங்களா அப்பத்தா?” என்று பேரன் கேட்டான். அந்த அம்மாள் வீட்டைத் தேடவே இல்லை. “முதல்ல வாய்க்கால் எங்கடா, அதைக் காட்டு” என்றார். காட்டியதும், திரைக்கு வெகு அருகில் போய் நின்று, வாய்க்காலோடு விரலை ஓட்டி, “இது மதகு, இது வேப்பமரம், இது மாரியாத்தா கோயிலு” என்று சொல்லிக்கொண்டே வந்து, ஓட்டு வீடு ஒன்றின்மேல் விரலை ஊன்றினார். சரியாக அதுவே அவர் வீடு.

அந்த வாய்க்கால்தான் ராஜா வாய்க்கால். பதினேழாம் நூற்றாண்டில், பரமத்தியிலிருந்து இந்தச் சீமையை ஆண்ட அல்லாள இளைய நாயக்கர், இங்கே காவிரியை மறித்து வெட்டுவித்தது; தை முதல் நாளில் அரசு விழா எடுத்து அவரை நினைவுகூர்கிறார்கள். இதையும் கொமாரபாளையம், பொய்யேரி, மோகனூர் வாய்க்கால்களையும் நம்பிப் பிழைப்பவை சுமார் 16,000 ஏக்கர். ட்ரோன் காட்சியில் பார்த்தால் ராஜா வாய்க்காலின் இரு கரையும் இரு வேறு உலகங்கள்: ஆற்றுப் பக்கம் வாழை, கரும்பு, கொடிக்கால் என்று இடைவெளியற்ற பசுமை, மறுபக்கம் செம்மண் மேட்டுக்காடும் குச்சிக்கிழங்கும், கிணறும் ஆழ்துளைக் குழாயும் வந்த பிறகு அங்கங்கே முளைத்த பச்சைத் திட்டுகளும். ஒரு முழம் மேலே ஏறினால் நீர் வராது, ஒரு முழம் கீழே இறங்கினால் அத்தனை காடும் பாசனத்துக்குத் தப்பிப்போகும். அவ்விரண்டுக்கும் நடுவே, மேட்டின் இடுப்பைத் தழுவியபடி அந்தக் கோடு வளைந்து வளைந்து போகிறது. ஆகாயத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கே முழுதும் விளங்கும் அந்தச் சித்திரத்தை எழுதியவர்கள் ஒரு பனைமர உயரத்துக்குமேல் ஏறியிருக்க மாட்டார்கள்! அதை நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

“எப்படிங்க முடிஞ்சுது?” என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

“வாட்டம் பார்த்து வெட்டுனாங்க. தண்ணியே சொல்லுமுங்க, எந்தப் பக்கம் போகோணும்னு” என்றார்.

இன்று விடியற்காலையில் என்னை வாய்க்கால் கரைக்கு அழைத்துப் போனார். பனி இன்னும் விலகவில்லை. நீர் நின்றிருப்பதாகவே என் கண்ணுக்குப் பட்டது. அவர் குனிந்து, உதிர்ந்து கிடந்த அகத்திப் பூ ஒன்றை எடுத்து நீரில் விட்டார். வெள்ளைப் பூ சிறிது தயங்கி, தானாகவே திரும்பி, கரையோரமாக மெல்ல நகரத் தொடங்கியது. நாங்கள் அதனோடு மதகு வரைக்கும் நடந்தோம்.

“இதே கணக்குல போனா, பொழுது சாயறதுக்குள்ள வேலூர் சேர்ந்துருமுங்க” என்றார்.

நாளை நானும் அந்தக் கரையோடே வேலூர்வரை நடந்து போய் அங்கே பஸ் ஏறுவதாக இருக்கிறேன்.

தங்கள் அன்புள்ள
நண்பன்