பிழை பொறுக்கும் பள்ளி

காஞ்சிபுரம் பல மொழிகளைக் கேட்டுப் பழகிய ஊர். அதன் நெசவுத் தெருக்களில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் ஒலித்து வந்துள்ளன. கல்விக்குப் பெயர்பெற்ற அந்நகரைப் பற்றி, ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவிற்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங் தம் பயணக்குறிப்பில் எழுதியுள்ளார். நாளந்தாவில் அவருக்கு ஆசிரியராக விளங்கியவர் சீலபத்திரர். அச்சீலபத்திரரின் ஆசிரியரான தருமபாலர் காஞ்சியில் பிறந்தவர். தாயகம் திரும்பிய யுவான் சுவாங் 75 நூல்களைச் சீனமொழியில் பெயர்த்தார். இவ்வாற்றல் சொற்பட்டியலை மனனம் செய்ததால் மட்டும் அவருக்கு வாய்த்ததன்று. வடமொழி வழங்கிய சூழலில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, கேட்டு, வினவி, வாதிட்டதால் வாய்த்தது.

இன்று அயல்மொழிகள் காஞ்சிபுரம் மாவட்டத்தின் வாயிலுக்கே வந்துவிட்டன. கொரிய நாட்டின் ஹூண்டாய் நிறுவனம் 1998ஆம் ஆண்டு இருங்காட்டுக்கோட்டையில் மகிழுந்து உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ – நிசான் கூட்டு ஆலையும், 2012இல் ஜெர்மனியின் டைம்லர் நிறுவனத்தினது சரக்குந்து ஆலையும் திறக்கப்பட்டன. கொரியம், ஜப்பானியம், ஜெர்மன் ஆகியவற்றுள் ஒன்றை அறிந்திருப்பது, தறியொலி கேட்டு வளர்ந்த பிள்ளைக்கும் பயன்தரும் அறிவாகியுள்ளது. ஆயினும், அம்மொழி வழங்கும் நாட்டிற்குச் சென்று வாழ்ந்து கற்கும் வாய்ப்பு எல்லார்க்கும் கிட்டுவதில்லை.

வாய்ப்பின்மையினும் பெரிய தடை ஒன்றுண்டு, அஃது அச்சம். வகுப்பறையில் எழுந்து அயல்மொழியில் ஒரு தொடர் சொல்ல முயலும் மாணவி, ஒரு சொல்லில் தடுமாறுகிறாள். பின்வரிசையில் எழும் சிரிப்பு அவள் காதில் விழுகிறது. மறுநாள் விடை தெரிந்தும் அவள் வாய் திறப்பதில்லை. இலக்கணம் அறியாததால் மொழியைக் கைவிட்டோரைவிட, நகைப்புக்கு அஞ்சிக் கைவிட்டோர் பலராதல் கூடும். பிழை செய்யாமல் எவரும் மொழி கற்றதில்லை. தாய்மொழியைக்கூட மழலையில் பிழைபடப் பேசியே மனிதர் கற்கின்றனர். அம்மழலையைக் கேட்டு வீடே மகிழ்கிறது. அயல்மொழியின் மழலைக்கோ அத்தகைய வரவேற்பு இல்லை.

இக்குறையை எண்மின் விளையாட்டு ஓரளவு நீக்குகிறது. விளையாட்டில் தோற்றவர் வெட்கி ஓடுவதில்லை, மீண்டும் ஆடுகிறார். அயல்நாடுகளில் ஜெர்மன் மொழியைக் கற்பிக்கும் கோதே நிறுவனம், ‘சொற்களின் நகரம்’ என்னும் பொருள்படும் பெயரில் இணைய விளையாட்டு ஒன்றை உருவாக்கியது. அதில் உலவும் கற்பனை நகரமே ஜெர்மன் சொற்களைப் பயிலும் களமாகிறது. டூயோலிங்கோ போன்ற செயலிகள் பாடத்தைச் சிறு சிறு பயிற்சிகளாகப் பகுத்து, தவறிய வினாவை மீண்டும் கேட்கின்றன. கற்றது விரைவில் மறக்கும் என்பதையும், இடைவெளிவிட்டுப் பயின்றால் நிலைக்கும் என்பதையும் ஜெர்மானிய உளவியலாளர் எபிங்கௌஸ் 1885இல் தம் ஆய்வு நூலில் விளக்கினார். அவ்வுண்மையைச் செயலி அயராது கடைப்பிடிக்கிறது. நூறு முறை தவறினும் கருவி முகம் சுளிப்பதில்லை.

புதிய ஊடகங்கள் செவிக்கும் பயிற்சி தருகின்றன. கொரிய நாடகத்தின் ஓர் உரையாடலை நிறுத்தி, பின்னோக்கி நகர்த்தி, பலமுறை கேட்கலாம். இவ்வழியில் தமிழும் பிறர்க்குக் கற்பிக்கப்படுகிறது. சென்னையில் 1999இல் நடந்த தமிழ் இணைய மாநாட்டைத் தொடர்ந்து, 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப்படும் அது, பாடல், கதை, உரையாடல் ஆகியவற்றை ஒலியும் காட்சியுமாக வழங்குகிறது. தமிழ் வழங்காத நாடுகளில் வளரும் தமிழ்க் குழந்தைகள் பலர்க்குத் தாய்மொழியே அயல்மொழியின் நிலையில் உள்ளது. அவர்களுக்கு இம்முயற்சி உற்ற துணையாகும்.

எனினும், புள்ளிகள் சேர்வதும் மொழி சேர்வதும் ஒன்றல்ல. நான்கு விடைகளுள் ஒன்றைத் தொட்டுக் காட்டுபவர், எதிரே நிற்பவரின் வினாவிற்கு உடனே விடை கூற இயலாமல் திகைக்கலாம். பெரியோரிடம் எவ்வாறு பணிவாகப் பேசுவது, எப்போது பேசாமல் இருப்பது என்பனவற்றை மனிதரோடு பழகியே முழுமையாக அறிய முடியும். மேலும், பயிற்சிக்காகக் கையில் எடுத்த திறன்பேசி வேறு கேளிக்கைகளுக்குக் கவர்ந்து செல்லவும் கூடும்.

காஞ்சிப் பட்டின் கோர்வை முறை இங்கு எண்ணத்தக்கது. புடவையின் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் இரு நாடாக்கள் என மூன்று நாடாக்கள் அதில் ஓடுகின்றன. நெசவாளர் ஒருவரோடு துணைக்கு மற்றொருவரும் அமர்ந்து நாடாவைச் செலுத்துவார். ஒருவர் கைக்கு மற்றவர் கை விடைசொல்ல, உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. வேறு வேறு நிறங்கள் பிரியாமல் இணைவது அவ்வாறே. உரையாடலும் இருவர் நெய்வது. கருவியோடு ஆடும் விளையாட்டு, தறியில் அமருமுன் கையைப் பழக்கும் பயிற்சியாகும். பழகிய கையோடு வருபவர்க்குத் தறியின் மறுபுறம் ஒருவர் இருத்தல் வேண்டும்.

அவ்வொருவர் ஆசிரியராகலாம், அருகில் அமர்ந்திருக்கும் வகுப்புத் தோழராகவும் ஆகலாம். தடுமாறுபவரைக் கண்டு நகைக்காமல், அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருப்பதே அத்தோழர் செய்யும் பேருதவி. பிழையைப் பொறுக்கும் பண்பைக் கருவி காட்டிவிட்டது. அதனை வகுப்பறையும் கைக்கொள்ளுமாயின், வாய் மூடியிருந்த மாணவி மீண்டும் பேசுவாள்.