புதன்கிழமை போன்

ஜூன் மாதம்தான் எங்களுக்கு வேலை அதிகம். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். மாற்றலாகி வரும் குடும்பங்கள் வீடு பிடித்து, சாமான் இறக்கி முடித்ததும், பக்கத்தில் எந்த சர்ச் இருக்கிறது என்று விசாரிக்கத் தொடங்குவார்கள். சென்னைப் புறநகரில் இருக்கும் எங்கள் சி.எஸ்.ஐ. சபைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தெற்கத்திக்காரர்கள்: நாசரேத், பாளையங்கோட்டை, நாகர்கோவில், மார்த்தாண்டம். வேலை கிடைத்து வந்து பி.ஜி.யில் தங்கியிருக்கும் பிள்ளைகள், நைட் டியூட்டி பார்க்கும் நர்ஸ்கள், மகன் வீட்டில் கொஞ்ச காலம் இருந்துவிட்டுப் போக வந்த பெரியவர்கள். வாசலில் நின்று இவர்கள் கையில் பாட்டுப் புத்தகம் கொடுப்பது பல வருஷமாக என் வேலை.

சிரித்துக் கைகுலுக்க யாராலும் முடியும். ஆளைப் பார்க்கத் தெரியவேண்டும். கிராமத்திலிருந்து வந்த பாட்டி படியேறும் முன்பே செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இடம் தேடுவார். உள்ளே எட்டிப் பார்த்தால் ஆணும் பெண்ணும் குடும்பமாகப் பெஞ்சில், அதுவும் செருப்புக் காலோடு உட்கார்ந்திருப்பார்கள். பெண்கள் பக்கம் எது என்று தெரியாமல் தயங்குவார். "போட்டுக்கிட்டே வரலாம் பாட்டி" என்று சொன்னால் அவருக்கு மனசு ஒப்பாது. "இங்கன வச்சிட்டுப் போங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்று சொல்லி, எங்கள் வரவேற்புக் குழுவில் இருக்கும் ஒரு அக்காவை அவர் பக்கத்தில் உட்காரச் சொல்வேன்.

ஆராதனை முறையிலும் இந்தத் தடுமாற்றம் உண்டு. 1947 செப்டம்பர் 27-ல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு, தென்னிந்திய ஐக்கிய சபை எல்லாம் சேர்ந்து சி.எஸ்.ஐ. ஆனது. ஆனாலும் பழைய பழக்கங்கள் அந்தந்த ஊரில் அப்படியே தங்கிவிட்டன. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் ஆங்கிலிக்கன் வழி. ஆராதனைப் புத்தகம் பாதி மனப்பாடம். குமரி மாவட்டத்துக்காரர் லண்டன் மிஷன் வழி வந்தவர். எப்போது எழுவது, எப்போது முழங்கால்படியிடுவது என்று பக்கத்து ஆளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே முதல் வாரத்தை ஓட்டுவார். பக்கத்தில் இருப்பவர் பக்கத்தைப் புரட்டிக் காட்டினால் போதும்.

திருவிருந்து ஆராதனையில் சமாதானம் கொடுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் வழக்கத்திலிருந்து எடுத்து 1950-ல் எங்கள் ஆராதனை முறையில் சேர்த்தது. ஆயர் திருமேசையிலிருந்து தொடங்க, ஒருவர் வலது உள்ளங்கையை இன்னொருவர் வலது உள்ளங்கையோடு வைத்து, அதன்மேல் இடது கையை மூடிக் கொடுக்க, அது வரிசை வரிசையாகப் பின்னால் போகும். புதிதாக வந்தவர் எங்கே இருப்பார்? கடைசி வரிசையில், பக்கக் கதவை ஒட்டி. நடுவில் இரண்டு பெஞ்சு காலியாக இருந்தால் சமாதானம் அங்கேயே நின்றுவிடும். அதனால்தான் எங்கள் குழுவில் ஒருவர் எப்போதும் கடைசி பெஞ்சில் இருக்கவேண்டும் என்று வைத்திருக்கிறோம்.

அறிவிப்பு நேரத்தில் புதியவர்களை எழுப்பி நிறுத்திக் கைதட்டுவது எனக்குப் பிடிக்காது. கூச்சப்படுகிறவர் அடுத்த வாரம் வேறு சர்ச் பார்த்துப் போய்விடுவார். கமிட்டியில் பெரிய வாக்குவாதம் நடந்தது. இப்போது முன்கூட்டியே கேட்டு, சம்மதித்தவர்களை மட்டும் எழுப்புகிறார்கள்.

இதைவிடப் பெரிய சங்கடம் வாசலிலேயே இருக்கிறது. "ஊர்ல எங்க?" என்ற கேள்வி. கேட்க அன்பாகத்தான் இருக்கும். மாவட்டத்தைச் சொன்னால் ஊர் பெயர் கேட்பார்கள். ஊரைச் சொன்னால் "அங்க எந்தத் தெரு? யார் வீடு?" என்பார்கள். மூன்றாவது பதிலுக்குள் ஜாதி தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொள்ளத்தான் கேள்வியே என்பது கேட்டவருக்கும் தெரியும், பதில் சொன்னவருக்கும் தெரியும். அப்புறம் சிரிப்பின் அளவு மாறுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பொன் மோதிரம் போட்டு வந்தவனுக்கு நல்ல இடமும், கந்தையோடு வந்தவனுக்குக் கால்மாட்டில் இடமும் கொடுப்பதைப் பற்றி யாக்கோபு தன் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கடிந்து எழுதியிருக்கிறார். எங்கள் ஊரில் மோதிரத்தைப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை, தெருப் பெயர் போதும். எங்கள் குழுவில் சேருகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் விதி: சொந்த ஊரைக் கேட்காதே, அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள். "இப்ப எங்க தங்கியிருக்கீங்க? பஸ் ஈசியா கிடைச்சுதா?" என்று கேள். பேச்சைத் தொடங்க இது போதும், அடுத்த வாரத்துக்கு உதவவும் செய்யும்.

ஆராதனை முடிந்ததும் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். பெயர், தங்குமிடம், எப்போது போன் செய்தால் தொந்தரவு இருக்காது, அன்றைக்கு அவர் சொன்ன ஒரு விஷயம். "அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், வியாழன்." அந்தக் கடைசி வரிதான் முக்கியம். ஞாயிறு சாயங்காலமே போன் போட்டால் இன்சூரன்ஸ்காரர் கூப்பிட்டது மாதிரி ஆகிவிடும். வார நடுவில், புதன்கிழமை வாக்கில் பேசினால் சரியாக இருக்கும். பெண்களுக்குப் பெண்களே பேசுவார்கள். நம்பர் வேறு யார் கைக்கும் போகாது. இரண்டு நிமிஷத்துக்கு மேல் நீளக்கூடாது. காணிக்கை, சந்தா, கட்டட நிதி என்ற பேச்சே அந்தப் போனில் வரக்கூடாது.

யார் பேசுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆபீசிலிருந்து "சபையிலிருந்து பேசுகிறோம்" என்று ஒரு குரல் வந்தால், "சரிங்க, வரேங்க" என்ற பதிலோடு முடியும். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்த அதே அக்கா பேசினால், "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுக்கா" என்று பேச்சு வளரும். தினம் காலையில் வாட்ஸப் குரூப்பில் வசனப் படம் போடுவதைத் தொடர்பு என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். படம் போகும், ஆள் வருவாரா என்பது வேறு. வராமல் போனவரிடம் "ஏன் வரலை?" என்று கேட்பதில்லை. "அம்மா இப்ப எப்படி இருக்காங்க?" என்று விட்ட இடத்திலிருந்து பேசுவோம். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைக்கு மட்டும் வருகிறவர்களை நாங்கள் துரத்துவதில்லை. வருஷத்துக்கு ஒரு முறை வருவதும் வருவதுதான்.

வீட்டுக்குத் தெரியாமல் வருகிறவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும். ஃப்ரெண்டோடு வந்து பார்த்துவிட்டு, பிறகு தனியாக வரத் தொடங்கிய பெண் ஒருத்தி நம்பர் தந்தால்கூட நாங்களாகக் கூப்பிடமாட்டோம். வீட்டுப் பக்கமே போகமாட்டோம். அவள் பேசும்போது பேசுவோம்.

ஆள் ஒட்டுவது வேலையில்தான். அறுப்பின் பண்டிகை விருந்தில் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவனிடம், "தம்பி, இந்தப் பந்திக்கு சாம்பார் நீ பாத்துக்கோ" என்று வாளியைக் கொடுத்தேன். சட்டையெல்லாம் மஞ்சள் கறையோடு சாயங்காலம் வரை நின்றான். அடுத்த வாரம் அவனே முன் பெஞ்சில் இருந்தான்.

சபை மாற்றுக் கடிதத்துக்கு நாங்கள் அவசரப்படுத்துவதில்லை. கல்யாணமும் கல்லறையும் சொந்த ஊர்க் கோயிலில்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. அந்தக் கடிதம் புதிய சமாச்சாரமும் இல்லை. ரோமர் 16-ன் தொடக்கத்தில் கெங்கிரேயா சபையைச் சேர்ந்த பெபேயாளை ஏற்றுக்கொள்ளும்படி பவுல் எழுதியது அந்த வகைதான். அதில் அவர் அந்தப் பெண்ணின் சந்தா பாக்கியைப் பற்றி எழுதவில்லை. அவள் பலருக்கு உதவினவள், தனக்கும் உதவினவள் என்றுதான் எழுதினார்.

இந்த ஊரை விட்டுப் போகிறவர்களுக்கு அந்த மாதிரி ஒரு கடிதத்தை நானும் போனில் சொல்கிறேன், அவர்களிடம் கேட்டுவிட்டு. சாம்பார் வாளிப் பையனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தபோது அங்கே ஒரு தமிழ்ச் சபையில் தெரிந்த அண்ணன் ஒருவரைக் கூப்பிட்டேன். "அண்ணே, ஒரு பையன் வரான். நைட் ஷிப்ட், காலைல கூப்பிடாதீங்க. அறிவிப்புல எழுப்பி நிறுத்திடாதீங்க, கூச்சப்படுவான். பண்டிகை ஏதாச்சும் வந்தா பரிமாற விடுங்க."