ஆறாவது கியர்

சித்தப்பாவின் பட்டறையில் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று மருதமலை முருகன். இன்னொன்று, ஸ்போர்ட்ஸ்டார் நடுப்பக்கத்திலிருந்து கிழித்து ஒட்டிய அயர்டன் சென்னா. மஞ்சள் ஹெல்மெட், சிவப்பும் வெள்ளையுமான மெக்லாரன் கார். ஊதுபத்தி முருகனுக்குத்தான். ஆனால் புகை இரண்டு பேருக்கும் போகும்.

கோயம்புத்தூரில் இது அதிசயமில்லை. கரிவர்தன் ரேஸ் கார்களைக் கட்டிய ஊர் இது. நரேன் கார்த்திகேயன் பிற்பாடு ஃபார்முலா ஒன்னுக்குப் போனதும் இங்கிருந்துதான். சித்தப்பா சோழவரம் ரேஸ் பார்க்க லாரி ஏறிப் போய் வந்தவர். சென்னா மூன்று முறை உலக சாம்பியன் என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். 1991இல் பிரேசில் ரேஸ்தான் முக்கியம்.

"கியர் ஒவ்வொண்ணாப் போயிருச்சு கண்ணு. கடைசில ஆறாவது மட்டுந்தான். வளைவுலயும் அதே கியர்தான். அந்த வண்டி எப்புடித் திணறியிருக்கும்னு ரிப்பேர் பாக்கறவனுக்குத்தான் தெரியும்."

சொந்த நாட்டில் சென்னாவுக்கு அதுதான் முதல் வெற்றி. கோப்பையைத் தூக்கக்கூடக் கையில் தெம்பில்லை.

1994 மே மாதம். எனக்குப் பத்து வயது, முழாண்டு லீவு. செய்தி எங்களுக்குப் பேப்பரில்தான் வந்தது. மே 1, ஞாயிறு. இத்தாலியில் இமோலா. ஏழாவது சுற்றில், டம்புரெல்லோ வளைவில் திரும்ப வேண்டிய வில்லியம்ஸ் கார் திரும்பாமல் நேராகப் போய் கான்கிரீட் சுவரில் மோதியிருக்கிறது. சென்னாவுக்கு 34 வயது.

சித்தப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு பனியன் வேஸ்ட்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அதில் இருந்த கிரீஸ் கன்னமெல்லாம் அப்பிக்கொண்டது. சாப்பாட்டுத் தூக்கு கொண்டுவந்த அப்பத்தா பார்த்துவிட்டு, "அவங்கப்பன் செத்தப்பக்கூட இப்புடி அழுவுல. ஆரோ காருக்காரனுக்கு அழுவறான் பாரு" என்றார். நான் சிரித்தேன். அந்தக் கறுப்புக் கன்னம் எனக்கு வேடிக்கையாக இருந்தது. சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் ஒரு எம்80யின் அடியில் உட்கார்ந்துகொண்டார்.

பல வருடம் கழித்து, ஆசிஃப் கபாடியா எடுத்த 'சென்னா' ஆவணப்படத்தை லேப்டாப்பில் கொண்டுபோய் அதே பட்டறையில் அவருக்குப் போட்டுக் காட்டினேன். சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவருக்கு அது ஞாபகம் இருந்ததா என்று கேட்கவில்லை.

சென்னாவை நான் கும்பிடவில்லை. 1990இல் ஜப்பானில் முதல் வளைவிலேயே ப்ரோஸ்டின் கார்மீது மோதி சாம்பியன் பட்டத்தை எடுத்தவர். தெரிந்தே செய்ததாக மறு வருடம் ஒப்புக்கொண்டவர். இதைச் சொன்னதும் சித்தப்பா, "செஞ்சான். தப்புதான். அதுக்கு என்ன இப்ப?" என்றார். நமக்குப் பிடித்தவர்களை நாம் இப்படித்தான் வைத்துக்கொள்கிறோம்.

படத்தில் அந்தச் சனிக்கிழமை வந்தது. ஏப்ரல் 30. தகுதிச் சுற்றில் ரோலண்ட் ராட்சன்பெர்கர் என்ற ஆஸ்திரியர் இறந்துபோகிறார். 33 வயது. அதுவரை ஃபார்முலா ஒன்னில் ஓட்டி முடித்தது ஒரே ஒரு ரேஸ். சென்னா விபத்து நடந்த இடத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். அன்று அவர் மறுபடி காரில் ஏறவில்லை. மறுநாள் காலை மற்ற ஓட்டுநர்களோடு பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறார். மதியம் ரேஸ்.

"அந்தப் பையனுக்கு ஆரு அழுதிருப்பா?" என்று கேட்டார் சித்தப்பா.

நான் சொன்னேன். சென்னாவுக்கு பிரேசில் அரசு மூன்று நாள் துக்கம் அறிவித்தது, சாவோ பாவ்லோவில் தெருக்கள் கொள்ளவில்லை. ராட்சன்பெர்கரைச் சால்ஸ்பர்க்கில் அடக்கம் செய்தபோது அந்தக் கூட்டமெல்லாம் இல்லை. ஆனால் சென்னாவின் நொறுங்கிய காரில் சுருட்டிவைத்த ஓர் ஆஸ்திரியக் கொடி இருந்தது. ஜெயித்தால் அவருக்காக அசைப்பதற்கு.

சித்தப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப அவன் அழுதிருக்கான்" என்றார். பிறகு பனியன் வேஸ்ட்டை என் பக்கம் நீட்டினார். அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

போன வருடம் சித்தப்பா போய்விட்டார். மாரடைப்பு. ஆத்துப்பாலம் மின்மயானத்துக்கு வந்தது முப்பது பேர் இருக்கும். பாதிப் பேர் அவரிடம் வண்டி விட்டவர்கள். ஒருவர், "என் ஸ்கூட்டர் சத்தத்த வெச்சே நான்தான்னு கண்டுபுடிச்சுருவார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அன்று கண்ணீர் வரவில்லை. எல்லா வேலையையும் ஓடியோடிச் செய்தேன். அப்பத்தா இருந்திருந்தால் என்னையும் ஏதாவது சொல்லியிருப்பார்.

இந்த மே 1 அன்று ராத்திரி அந்த 1991 ரேஸின் கடைசிச் சுற்றுகளை மொபைலில் போட்டேன். மழைத் தூறல். ஒற்றை கியரில் அந்தக் கார் வளைவுகளில் திணறித் திணறி வந்துகொண்டிருந்தது. கோட்டைத் தாண்டியதும் ரேடியோவில் சென்னா கத்துகிறார். சந்தோஷமா வலியா என்று பிரிக்க முடியாத கத்தல்.

மனைவி எழுந்து வந்து லைட்டைப் போட்டாள்.

"யாருக்கு அழறீங்க?"

மொபைலைக் காட்டினேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.